பூனைக்காலியையும் கணக்கில் சேருங்கள்

பார்க்கின்சன் நோயாளியிடம் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அது பொய்யல்ல. நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய பூனைக்காலிப் பொடி அவர் வரையில் மருந்தே அல்ல, பாலில் கலந்து குடிக்கிற சத்துப்பொடி. பெயர் சொல்லி, காலையில் எத்தனை ஸ்பூன் என்றும் சேர்த்துக் கேட்டால்தான் உடன் வந்த மகள் பையைத் திறக்கிறார்.

அந்தப் பொடியில் இருப்பது லீவோடோபா. நாம் சீட்டில் எழுதுகிற அதே மூலக்கூறு. 1937இல் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அதற்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பு அன்று யாருக்கும் தெரியாது. 1957இல் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை முடக்கி, டோபா கொடுத்து எழுப்பியபோதுதான் கதவு திறந்தது. முடக்கிய ரெசர்பின் சர்ப்பகந்தா வேரில் உள்ள பொருள், எழுப்பிய டோபா பூனைக்காலி விதையில் உள்ள பொருள். இரண்டும் நம் மண்ணில் வளர்பவை என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. ஆனால் சிகிச்சையை முடிவு செய்ய அந்த மகிழ்ச்சி உதவாது.

உதவுவது இதுதான். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் 30 கிராம் விதைப்பொடியையும், 200 மி.கி. லீவோடோபாவும் 50 மி.கி. கார்பிடோபாவும் சேர்ந்த வழக்கமான மருந்தையும் ஒப்பிட்டார்கள். பொடி சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கியது, மாத்திரைக்கு அதைப்போல் இருமடங்கு நேரம் பிடித்தது. பொடியின் பலனும் அரைமணி நேரத்துக்குமேல் கூடுதலாக நீடித்தது, மிகையியக்கம் கூடவில்லை. இந்தச் செய்தியைத்தான் நம் நோயாளிகளுக்கு வாட்ஸ்அப் கொண்டுவருகிறது. ஒரே ஒரு வேளை மருந்தை வைத்துச் செய்த ஆய்வு அது என்பது கூடவே வருவதில்லை. 2018இல் வெளியான பொலிவிய ஆய்வில் 14 பேருக்குப் பல வாரங்கள் தினமும் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் இடையிலேயே விலகினார்கள். காரணம் வயிற்றுத் தொல்லை, அல்லது இயக்கம் மோசமானது. தாக்குப்பிடித்தவர்களுக்குப் பலன் மாத்திரைக்கு நிகராகவே இருந்தது.

வயிறு ஏன் புரட்டுகிறது என்பது நமக்குப் புதிதல்ல. பொடியில் கார்பிடோபா இல்லை. லீவோடோபாவின் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே டோபமினாகி குமட்டலையும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தச் சரிவையும் தருகிறது. லண்டனில் 30 கிராமில் இருந்த சுமார் 1000 மி.கி. லீவோடோபா 200 மி.கி.யோடுதான் போட்டியிட்டது என்பதிலேயே கணக்கு வெளிப்படுகிறது. பொடி மட்டும் எடுப்பவருக்கு யாரோ நல்லெண்ணத்தில் பி-காம்ப்ளெக்ஸ் எழுதினால் அதிலுள்ள பி6 அந்தச் சிதைவை இன்னும் முடுக்கிவிடும். பாலில் கலந்தால் பாலின் புரதம் உறிஞ்சலில் குறுக்கே நிற்கும்.

மாத்திரையோடு பொடியும் சேரும்போது சிக்கல் வேறு. இப்போது மாத்திரையின் கார்பிடோபா பொடியின் லீவோடோபாவையும் காக்கிறது. கை கால் தானாக ஆடுகிறது. பொடியைப் பற்றித் தெரியாத மருத்துவர் மாத்திரையைக் குறைக்கிறார். அதனால் கார்பிடோபாவும் குறைந்து குமட்டல் தொடங்குகிறது, "இங்கிலீஷ் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நோயாளி பொடியைக் கூட்டுகிறார். 110 மாத்திரை மூன்று வேளை எடுப்பவருக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் கார்பிடோபா 30 மி.கி.தான், தேவை குறைந்தது 70 என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மாத்திரையைத் தள்ளிப்போடத்தான் பலர் பொடிக்குப் போகிறார்கள். லீவோடோபா ஐந்து வருடத்தில் "தீர்ந்துவிடும்" என்ற பயம் பல ஆண்டுகளாக ஆலோசனை அறைகளிலிருந்தே பரவியது. கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, இயக்கச் சிக்கல்கள் நோயின் வயதோடு வருகின்றன, மருந்து தொடங்கிய நாளோடு அல்ல என்று காட்டியது. இதை நோயாளியிடம் இரண்டு நிமிடம் பேசினால் பாதிப் பொடி தானே நின்றுபோகும். மீதியை வைத்துக்கொள்ள விரும்புகிறவரிடம் சண்டை வேண்டாம். ஒரே கடை, ஒரே அளவு, ஒரே நேரம் என்று உறுதி வாங்கி, தினசரி லீவோடோபாக் கணக்கில் அதையும் சேர்த்து எழுதுங்கள். விதைக்கு விதை, தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும் என்பதால் அந்த எண் தோராயமாகவே இருக்கும். சித்த மருத்துவ நண்பர்களுக்கும் இதே வேண்டுகோள்: சூரணம் கொடுக்குமுன் மாத்திரைப் பட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்ற துணை மருந்துகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கோஎன்சைம் க்யூ10 600 பேரிடமும், கிரியேட்டின் 1,700க்கு மேற்பட்டவர்களிடமும் சோதிக்கப்பட்டுத் தோற்றன. வைட்டமின் ஈ அதற்கு முன்பே தோற்றது. மாதாமாதம் இவற்றுக்குக் காசைக் கரைக்கும் குடும்பங்களிடம் இதை ஒளிவில்லாமல் சொல்லிவிடலாம்.

அந்தக் காசு உடற்பயிற்சிக்குப் போகட்டும். 2012இல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 பேரிடம் வாரம் இருமுறை, 24 வாரம் தாய் சி பயிற்சி நடந்தது. உடல் நிலைத்தன்மையில் அது தசைநீட்டலையும் எடைப் பயிற்சியையும் முந்தியது, தசைநீட்டலோடு ஒப்பிட விழுதலும் குறைந்தது. ஹாங்காங்கில் 138 பேருக்கு எட்டு வாரம் மனக்கவனத்தோடு யோகா கற்றுக்கொடுத்தார்கள். இயக்கத்தில் அது வழக்கமான பயிற்சிக்குச் சமமாகவே நின்றது, பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைப்பதில்தான் முந்தியது. யோகாவை நடுக்கத்துக்கென்று விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. வாரத்துக்கு நான்கு நாள் என்ற இலக்கோடு, உச்ச இதயத்துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை டிரெட்மில் நடையைத் தொடக்கநிலை நோயாளிகள் பாதுகாப்பாகச் செய்தார்கள் என்பதும் 2018இல் தெரிந்தது.

இவ்வளவு துல்லியமான அளவுகள் கையில் இருக்க, சீட்டில் நாம் எழுதுவதோ "நன்றாக நடங்கள்". நடை எந்த வேகம், எத்தனை நிமிடம், மாத்திரை வேலை செய்யும் எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். கால் தரையில் ஒட்டிக்கொள்பவருக்குத் தாளம் தட்டும் செயலியையோ அவருக்குப் பிடித்த பாட்டையோ வைத்து நடக்கவிட்டுப் பாருங்கள். வாசற்படிக்கு முன் தரையில் குறுக்காக ஒட்டிய நாடாப் பட்டைகள் பலருக்கு வேலை செய்கின்றன, செலவும் சில ரூபாய்தான்.

கடைசியாக, உள்நோயாளிகள். இடுப்பெலும்பு முறிவுக்கோ கண்புரைக்கோ சேர்க்கப்படுபவரின் பொடி டப்பா வீட்டிலேயே நின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் லீவோடோபா ஒரே இரவில் நின்றால் கடும் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். அதைத் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் ஏற்றப்படுவதும் உண்டு. அதனால் சேர்க்கைப் படிவத்தில் பொடிக்கென்று ஒரு வரி வேண்டும். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தவர்கள் பொடியின் அளவு, நிறுத்திய நாள், அறிகுறி தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் குறித்து, அடையாளம் நீக்கி அனுப்பினால், அடுத்த இதழிலிருந்து நோயாளர் குறிப்புப் பகுதியில் வெளியிடுவோம்.