செயற்கை நுரையீரலும் சுரங்கத் தூசியும்

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப் பாதையில் கோரமண்டல் ஒரு சிறு நிலையம். கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஆயினும் அங்கு உழைத்தோரின் மார்பினுள் புகுந்த கல் தூசி வெளியேறிவிடவில்லை. 1940ஆம் ஆண்டுகளில் 7,600க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 44 பேரிடம் சிலிக்கோசிஸ் நோய் காணப்பட்டது. தூசியை விட்டு விலகிய பின்னரும் இந்நோய் வளரக் கூடியது.

2020ஆம் ஆண்டில் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் சிகிச்சை பெற்ற வாரங்களில், ‘எக்மோ’ என்னும் செயற்கை நுரையீரலின் பெயர் வீடுதோறும் பரவிற்று. மூச்சுக்குத் தவிக்கும் முதியவரைக் கண்ட எவருக்கும், அப்பொறி இவருக்கும் உதவாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பே. இதற்கு விடை கூற வேண்டியவர்கள் பெரும்பாலும் ஆசிரியரும் களப்பணியாளருமே. “விலை அதிகம்” என்று மட்டும் கூறி அனுப்புவது சரியான விடையன்று.

பொறியின் இயக்கத்தைக் கவனித்தல் வேண்டும். தொடைச் சிரையின் வழியே செலுத்திய பருமனான குழாய் கருநிற இரத்தத்தை வெளியே இழுக்கிறது. பம்பு அதனை மெல்லிய சவ்வின் மீது செலுத்த, பிராணவாயு சேர்கிறது. கரியமில வாயு நீங்குகிறது. செந்நிறமான இரத்தம் கழுத்துச் சிரையில் பொருத்திய மற்றொரு குழாய் வழியாக இருதயத்தின் வலப்புற மேலறைக்குத் திரும்புகிறது.

ஓய்ந்திருக்கும் வயது வந்த ஒருவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் பிராணவாயு தேவை. சிரை இரத்தம் ஒரு லிட்டர், சவ்வைக் கடக்கையில் ஏறத்தாழ 50 மில்லிலிட்டரே ஏற்றுக்கொள்ளும். எனவே 5 லிட்டர் ஓட்டம் வேண்டும். ஆனால் இரு குழாய்களின் முனைகளும் நெருங்கியிருந்தால், இப்போதுதான் சிவந்த இரத்தம் உடலுக்குள் செல்லாமல் மறுபடியும் பொறிக்கே உறிஞ்சப்படும். மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு திரும்பினால், அளவி 5 லிட்டர் காட்டினும் உடலுக்குக் கிடைப்பது மூன்றரை லிட்டருக்கும் குறைவே. பம்பின் வேகத்தைக் கூட்டினால் உறிஞ்சலும் கூடி, நிலைமை மோசமாகவும் கூடும். வெளியேறும் குழாயில் இரத்தம் சிவந்திருக்க, நோயாளியின் உடலிலோ பிராணவாயு குறைந்துகொண்டிருக்கும்! ஒலியலைப் படமும் எக்ஸ்ரேயும் கொண்டு முனைகளின் இடத்தைத் திருத்துவதே அப்போது செய்யத்தக்கது.

இவ்வளவு நுட்பமான வேலை நடப்பது நுரையீரலைக் குணப்படுத்துவதற்காக அன்று. அதற்கு ஓய்வு தருவதற்காக. 1971இல் விபத்துக்குள்ளான 24 வயது இளைஞர் ஒருவர் இம்முறையால் பிழைத்தார். அவருடைய நுரையீரல் மீளக் கூடியதாயிருந்தது. கடும் நிமோனியாவிலும் அந்த நம்பிக்கை உண்டு. சிலிக்கோசிஸிலோ, கல் தூசியைச் சுற்றி முடிச்சுகள் தோன்றி, மென்மையான திசு வடுவாகி இறுகிவிடுகிறது. வடு பழைய திசுவாக மாறுவதில்லை. மாற்று நுரையீரலை எதிர்நோக்கும் சிலருக்கன்றி, முற்றிய நோயில் இப்பொறி எவ்விடத்திற்கும் கொண்டு சேர்க்காது. இதனைத் தெளிவாகக் கூறுவது கொடுமையன்று. நிலத்தை அடகு வைத்துப் பெங்களூருக்குப் புறப்படவிருக்கும் குடும்பத்திற்குச் செய்யும் உதவியாகும்.

அதற்கும் முன்பே செய்யக் கூடிய காரியம் ஒன்றுண்டு. சிலிக்கோசிஸ் உடையவரைக் காசநோய் எளிதில் பற்றும். இரண்டும் ஒன்றென மயங்குவதும் உண்டு. ஆகவே நெடுநாள் இருமலுடன் வருபவரின் சீட்டில், வயதுக்கு அடுத்த வரியிலேயே, சுரங்கத்திலோ கல் குவாரியிலோ எத்தனை ஆண்டுகள், துளையிடும் வேலையா, வேறு வேலையா என்று எழுதப்பட வேண்டும். குவாரிகளில் இன்று வேலை செய்யும் இளைஞர்களுக்கு, நீர் பாய்ச்சித் துளையிடும் ஏற்பாடு எந்தப் பம்பையும் விட அதிகப் பிராணவாயுவை மிச்சப்படுத்தித் தரும்.