பாட்டனியா, பயோடெக்கா? பி.எஸ்சி. பட்டத்தின் பெயரால் வரும் சிக்கல்... சேரும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பயாலஜி குரூப் மாணவர்களின் வீடுகளில் எல்லாம் நீட் பேச்சுதான். அது கைகொடுக்கலைன்னா, "ஏதாவது ஒரு பி.எஸ்சி. போட்டு வைப்போம்" என்பார்கள். அந்த 'ஏதாவது ஒரு' என்ற இடத்தில்தான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

கலை, அறிவியல் கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்தால் தாவரவியல், விலங்கியல், உயிரி தொழில்நுட்பவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என வரிசையாக இருக்கும். சென்னைப் பக்கம் 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரி தொழில்நுட்பவியல்', 'மேம்பட்ட விலங்கியல் மற்றும் உயிரி தொழில்நுட்பவியல்' என நீளமான பெயர்களும் உண்டு. 17 வயது மாணவருக்கு இது எல்லாமே பயாலஜிதான். ஆனால், வேலைக்கான அறிவிப்பாணையில் ஒவ்வொன்றும் வேற வேற பட்டம்.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். காடு, விலங்கு என்று ஆசையோடு பயாலஜி படிக்க வரும் பலரின் கனவு இது. கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியலில் பட்டம் வேண்டும். பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஆகிய பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வின் விருப்பப் பாடங்களிலும் இதே கதைதான். தாவரவியலும் விலங்கியலும் உண்டு, பயோடெக் கிடையாது.

அடுத்து ஆசிரியர் வேலை. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என பாடவாரியாகத்தான் நிரப்பப்படுகின்றன. வேறு பெயரில் பட்டம் வாங்கியவர், தன் பட்டம் தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையானது என்று காட்ட வேண்டும். இதற்கென தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. அது பரிசீலித்துச் சொல்வதை உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. இந்த அரசாணைகள் பெரும்பாலும் 'இந்தப் பல்கலைக்கழகம் வழங்கும் இந்தப் பட்டம்' என்று குறிப்பிட்டே வரும். பக்கத்து மாவட்டக் கல்லூரியில் அதே பெயரில் படித்த அண்ணனுக்கு வேலை கிடைத்தது என்பதால், வேறு பல்கலைக்கழகத்தில் படித்த தம்பிக்கும் அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. படிப்பை முடித்து, பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் பாஸான பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் இதைக் கேள்விப்படுவதுதான் கொடுமை. கல்லூரியில் சேரும் முன்பே 'இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கா? எண், தேதி என்ன?' என்று துறையில் கேட்டு, அரசாணையின் நகலையே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. "அதெல்லாம் ஒண்ணுதான்பா" என்ற வாய்மொழிப் பதில் சரிபார்ப்பில் செல்லாது.

'கிராஸ் மேஜர்' கண்ணி

தாவரவியல் எடுத்துவிட்டாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பி.எஸ்சி. தாவரவியல் முடித்த ஒருவர், மார்க்கெட் இருக்கிறது என்று எம்.எஸ்சி. பயோடெக்கில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சிக்குப் போக இது நல்ல பாதைதான். ஆனால், அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்பது ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்டுவந்த நிபந்தனை. அவருடைய இளநிலை தாவரவியல், முதுநிலை பயோடெக். இரண்டையும் இணைக்கும் அரசாணை இல்லையென்றால் அந்தக் கதவு மூடிவிடும். ஆசிரியர்கள் இதைத்தான் 'கிராஸ் மேஜர்' என்கிறார்கள். முதுநிலையில் பாடம் மாறும்போது, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே மாற வேண்டும்.

அப்போ பயோடெக் எடுக்கவே கூடாதா? அப்படி இல்லை. ஆராய்ச்சி, மருந்து நிறுவனங்கள், பரிசோதனைக் கூடங்கள் பக்கம் போனால் பட்டத்தின் பெயரைவிட என்ன செய்யத் தெரியும் என்பதுதான் எடுபடும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் பாட்டனி, ஜுவாலஜி, பயோடெக் எல்லோருக்கும் 'உயிர் அறிவியல்' என்ற ஒரே தாள்தான். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆசிரியர், வனத்துறை என்ற எண்ணம் இருப்பவர்களுக்குத்தான் பெயர் முக்கியம். ஆய்வகம்தான் இலக்கு என்பவர்கள் கல்லூரியின் ஆய்வக வசதியைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கடல் உயிரியல் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயர் ஆய்வு மையம், வனவிலங்கு உயிரியல் என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி என இங்கேயே இடங்கள் இருக்கின்றன. இவை நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை.

கணக்கை விட்டவர்கள் கவனத்துக்கு

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என 'ப்யூர் சயின்ஸ்' குரூப்பில் படித்தவர்கள், "அப்பாடா, இனி மேத்ஸே கிடையாது" என்று நிம்மதியாக பி.எஸ்சி.க்கு வருவார்கள். அந்த நிம்மதி மூன்று வருஷத்துக்குத்தான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' தேர்வின் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவிலான கணிதமும் இயற்பியலும் வரும். மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை உதவியுடன் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கான 'காட்-பி' தேர்வின் முதல் பகுதியிலும் கணிதம் உண்டு. முதல் ஆண்டிலேயே பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வாங்கி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் கஷ்டம்.

"அலைடு கெமிஸ்ட்ரிதானே, பாஸ் பண்ணா போதும்" என்ற நினைப்பும் பின்னாடி அடிக்கும். 'கேட்' தேர்வின் லைஃப் சயின்சஸ் தாளில் எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டிய பகுதி வேதியியல்தான்.

மறுபடியும் நீட் எழுதுகிறவர்கள்

ஒரு காலை கல்லூரியிலும் இன்னொரு காலை நீட் கோச்சிங்கிலும் வைத்துக்கொண்டு முதல் வருஷத்தை ஓட்டுபவர்கள் நிறைய. 2024-ல் மே 5, 2025-ல் மே 4 என நீட் தேர்வு மே முதல் வாரத்தில் நடந்தது. இரண்டாம் செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். இரண்டுக்கும் சேர்த்துப் படிக்க முடியாமல் செமஸ்டரில் அரியர் விழுகிறது. நீட்டும் கிடைக்காமல் போனால், இரண்டாம் ஆண்டை அரியரோடு தொடங்க வேண்டும். எத்தனை முறை எழுதப் போகிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுவது, மகனுக்கோ மகளுக்கோ செய்யும் பெரிய உதவி.

யாரிடம் கேட்பது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்வதற்கே தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த வேலை 'மென்டர்' என்ற பெயரில் பேராசிரியர் தலையில் விழுகிறது. ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்கள் என்பது 'நாக்' மதிப்பீட்டில் கேட்கப்படும் விவரம். அதனால் மென்டர் நோட்டு பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும். அதில் பேச்சு நடந்ததா, கையெழுத்து மட்டும் நடந்ததா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். "சார், நான் என்ன படிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "எனக்கு ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆசை, இந்தப் பட்டம் போதுமா?", "விருப்பப் பாடத்தில் எதை எடுத்தால் ஜாம் சிலபஸுக்கு உதவும்?" என்று குறிப்பாகக் கேட்டால், தெரியாத ஆசிரியர்கூட விசாரித்துச் சொல்வார்.

கேட்கும் நேரமும் முக்கியம். ஜாம் தேர்வுக்கான விண்ணப்பம் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வந்துவிடும். தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேர்வதற்கான க்யூட் தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடந்திருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. ஆனால், பல துறைகளில் "மேல என்ன படிக்கப் போற?" என்ற பேச்சே ஆறாம் செமஸ்டர் ஃபேர்வெல் சமயத்தில்தான் எழுகிறது. அதற்குள் ஜாம் ரிசல்ட்டே வந்திருக்கும். அப்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளின் பி.ஜி. விண்ணப்பங்கள்தான்.