பெட்டி நிறைய லூர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமுன் ஒரு டீ, தண்ணீரில் கொஞ்சம் கால் நனைப்பு. விடுமுறை நாளில் அங்கே நின்றால் வேறொரு காட்சியும் கிடைக்கலாம். கார் டிக்கியைத் திறந்து ஓர் இளைஞர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுக்கிறார். உள்ளே அறை அறையாக லூர்கள், அதாவது செயற்கை இரைகள். வாய் பிளந்த பாப்பர், வயிற்றில் மணி குலுங்கும் கிராங்க்பெய்ட், ரப்பர் புழு, மினுங்கும் ஸ்பூன், ஏழெட்டு நிறத்தில் தவளை. தூண்டில் கம்பு அமெரிக்க பாஸ் மீனுக்காகச் செய்யப்பட்டது. ரீலும் அப்படியே.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். அதன்மேல் ஓடுபவை விரல் நீளச் சிறு மீன்கள். அவற்றில் பல கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டித் தின்பவை. இளைஞர் கட்டியிருக்கும் கிராங்க்பெய்ட் அந்த மீன்களைவிடப் பெரிது. இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது பழைய தலைமுறையின் கெட்டிக்காரத்தனம். இது சுறாவைப் போட்டு இறாலைத் தேடுவது.

அரைமணி நேரம் வீசிப் பார்த்துவிட்டு அவர் வரும் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “லூர் சரியில்லை.” ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அடுத்த வாரம் இன்னொரு லூர் வரும். பெட்டி கனக்கும், கூடை கனக்காது. சரியான லூரும் உயர்ந்த கம்பும் வாங்கிவிட்டால் மீன் தானே கடிக்கும் என்ற இந்த நம்பிக்கை, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் நம்மவர்களிடம் வேரோடிப் போயிருக்கிறது. கேரளம், தமிழ்நாடு என்ற பேதமெல்லாம் இதற்கு இல்லை.

எந்த மீனைக் காட்டி இந்தச் சரக்கெல்லாம் விற்கப்படுகிறதோ, முதலில் அந்த மீனின் கதையையே பார்க்கலாம். வட அமெரிக்காவின் அகன்ற வாய் பாஸ் அது. உலகச் சாதனையான பாஸ் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் பிடிபட்டது. பிடித்தவர் ஜார்ஜ் பெர்ரி, இருபது வயது விவசாயி. பொருளாதாரப் பெருமந்த காலம். மழை பெய்து உழவு நடக்காததால் நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பு, ஒரே லூர் என்றுதான் அந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. லூர், கிரீக் சப் நிறுவனத்தின் மரத்துண்டு. மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குச் சற்று மேல். பெர்ரி அதை எடை போட்டு, பதிவு செய்து, வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பம் குழம்பு வைத்தோ வறுத்தோ சாப்பிட்டு முடித்தது.

அந்தச் சாதனையைத் தொட 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸ் கூட. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேசச் சங்கத்தின் விதி. அதனால் இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். உலகில் மிக நுட்பமான லூர்களைச் செய்யும் நாடுகளில் ஜப்பானும் ஒன்று. குரிட்டா முள்ளில் கோத்தது எதை? உயிருள்ள புளூகில் என்ற சிறு மீனை. முக்கால் நூற்றாண்டு காலம் தொழிற்சாலைகள் செய்து குவித்த சரக்கெல்லாம் அன்றைக்குப் பெட்டியிலேயே கிடந்தது.

லூரே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நல்ல லூர் எப்படிப் பிறந்தது என்பது கடைக்காரர் சொல்லும் கதையிலிருந்து வேறு. பின்லாந்துக்காரர் லாரி ராப்பலா ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். பெரிய மீன்கள் சிறு மீன் கூட்டத்துக்குள் பாயும்போது, தள்ளாடி நீந்தும் ஒன்றையே குறிவைக்கின்றன என்று அவர் கண்டார். 1936-ல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாளை ஒட்டி, உருக்கிய ஃபோட்டோ நெகட்டிவைப் பூசி ஒரு மீன் செய்தார். தண்ணீரில் இழுத்தால் அது நொண்டியது; அந்த நொண்டல்தான் அவருடைய கண்டுபிடிப்பு. 1962 ஆகஸ்டில் ‘லைஃப்’ இதழ் அதைப் பற்றி எழுதியது. அட்டையில் மர்லின் மன்றோ இருந்ததால் அந்த இதழ் அமோகமாக விற்றது. ராப்பலாவின் லூருக்கு வந்த ஆர்டர்கள் மலைபோல் குவிந்தன. பிற்பாடு வந்தவர்கள் நொண்டலை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நிறத்தை மாற்றுவது எளிது. பெயிண்ட் டப்பா போதும்.

நிறம் விஷயத்தில் ஓர் ஆய்வு வசமாக உண்மையை உடைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தவர் 2019-ல் வெளியிட்டது அது. பாஸ் மீனின் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரிக்கிறது. நீலத்தையும் கறுப்பையும் காட்டினால் திணறுகிறது. பளிச்சென்ற எலுமிச்சைப் பச்சைக்கும் வெள்ளைக்கும் அதற்கு வேற்றுமை தெரியவில்லை. ஒரே தவளையைக் கறுப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, எலுமிச்சைப் பச்சையில் ஒன்று என நான்காக வாங்கியவர் மீனின் கணக்கில் இரண்டுதான் வாங்கியிருக்கிறார். இது பாஸ் மீனின் கண். நம்மூர் விராலுக்கு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்த நிறப் பட்டியலே பாஸ் மீனுக்கென்று போட்டதாயிற்றே! அதனிடமே செல்லாத காசு விராலிடம் எப்படிச் செல்லும்?

பொன்முடியின் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். கல்லாறு கீழே இறங்கி வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து, அஞ்சுதெங்கு காயலில் கலந்து, முதலப்பொழியில் கடலைத் தொடுகிறது. மேலே குளிர்ந்த தெளிநீரில் விரல் அளவு மீன்கள். நடுவில், சமவெளிக் குளங்களிலும் வாய்க்கால்களிலும், மலையாளிகள் வரால் என்றும் நாம் விரால் என்றும் சொல்லும் மீன். உவர் தொடங்கும் இடத்தில் கொடுவா. மலையாளத்தில் அதன் பெயர் காளாஞ்சி. ஆங்கிலத்தில் இதற்கு ஆசியக் கடல் பாஸ் என்று பெயர் இருப்பதாலேயே பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க பாஸுக்கும் இதற்கும் பெயர் உறவைத் தவிர வேறு உறவில்லை. கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும். மெல்லிய நரம்பைக் கட்டிப் போனவர் அறுந்த முனையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்னால் தடித்த நரம்பு ஒரு முழமாவது கட்டாயம். விராலுக்கு வேறு கணக்கு. அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய மீன். ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே இருப்பது. வாய் எலும்பாலானது. வளையாத கம்பும் நீளாத பின்னல் நரம்பும் இல்லாமல் முள் அதில் இறங்காது.

கம்பும் நரம்பும் முள்ளும் இப்படி மீனுக்கு மீன் மாறும். அங்கே செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. விலை மலிந்த முள் பெரிய மீனின் இழுப்பில் நிமிர்ந்துவிடும். முடிச்சு தவறாகப் போட்டால் எந்த நாட்டு நரம்பும் நழுவும். ஆனால் தூண்டில்காரர் பெட்டியைத் திறந்து பெருமையோடு காட்டுவது முடிச்சையா? யாரும் யாரிடமும் முடிச்சைக் காட்டுவதில்லை.

வெள்ளாயணி போன்ற தாமரை படர்ந்த நன்னீர் ஏரியின் கரையில் விரால் தூண்டில் போடத் தெரிந்தவரைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும், பெட்டி எதற்கென்றே தோன்றிவிடும். தேய்ந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு, அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வளைந்த இரட்டை முள், பின்னால் காலாகத் தொங்கும் இரண்டு நூல் குஞ்சம். இலையின் மேல் விழும்படி வீசுகிறார். தண்ணீரில் நேராக விழவிடுவதில்லை. தவளை இலையில் ஒரு கணம் உட்கார்கிறது. கம்பின் நுனியை மெல்ல ஆட்ட, அது விளிம்புவரை நகர்ந்து தொப்பென்று நீருக்குள் இறங்குகிறது. அங்கேதான் அவர் நிறுத்துகிறார். இரண்டு மூச்சு நேரம். நீர் வெடிக்கிறது. உடனே இழுத்திருந்தால் வெறும் ரப்பர் திரும்பி வந்திருக்கும். விரால் கவ்விக்கொண்டு வாயை மூடும்வரை அவர் கை அசையவில்லை. இந்தப் பொறுமை எந்தக் கடையிலும் பொட்டலமாகக் கிடைப்பதில்லை.

வெளிநாட்டுச் சாமானுக்கு ஏற்ப நீரையே வளைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நீலகிரியில் வெள்ளையர்களிடம் டிரவுட் மீனுக்கான கம்புகள் இருந்தன, டிரவுட் இல்லை. கம்பை மாற்றுவதற்குப் பதிலாக மீனையே கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1860-களில் அதற்கு முயன்று தோற்றவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மருத்துவர். அதே டே 1865-ல் கொச்சியிலிருந்து ஒரு விரால் வகையை விவரித்தார். உடலில் இரண்டு கருங்கோடுகள் உள்ள இளமீன். பின்னர் வந்த அறிஞர்கள் அதைத் தென்கிழக்காசியாவின் பெரிய விராலோடு சேர்த்துக் கணக்கை மூடிவிட்டார்கள். 146 ஆண்டுகள் கழித்து, 2011-ல்தான் அது தனி இனம், மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளுக்கே உரியது என்று மீண்டும் நிலைநாட்டப்பட்டது. மலையாளத்தில் புலிவாகை என்று ஆற்றோரத்து மக்கள் அத்தனை காலமும் அதைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மிச்சிகன் ஏரியின் மீன் எந்த மாதம் எந்த ஆழத்தில் இருக்கும் என்று யூடியூபைப் பார்த்து ஒப்பிக்கிற இளைஞர்களில் எத்தனை பேருக்குப் புலிவாகையைப் பார்த்தால் அடையாளம் தெரியும்?

லூர் மோகத்தில் உண்மையான கேடும் உண்டு. பணத்தோடு முடிகிற விஷயமல்ல இது. விராலின் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோல் திரண்டு நீரின் மேற்பரப்பில் கொதிக்கும். கீழே தாய் தந்தை காவல். அந்தப் பந்தின் குறுக்கே எதை இழுத்தாலும் அவை பாய்ந்து கவ்வும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. கையாலாகாதவருக்கும் இந்த நேரத்தில் மீன் கிடைக்கும். கிடைத்ததும் லூரைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் போடுவார். பார்த்தவர் எல்லாம் அதே லூரை வாங்குவார்கள். பெற்றோர் போன குஞ்சுக் கூட்டத்தைச் சின்ன மீன்கள் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடும். கொடுவாவிலும் இதே கதை வேறு வடிவில். அது ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். எனவே கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிய கொடுவாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் முட்டையிடும் தாயைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்.

முதல் மழையில் முட்டையிட ஏறிவரும் மீன்களைப் பிடிக்கும் ‘ஊத்த’ வேட்டைக்குக் கேரள அரசு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படித் தடை விதித்திருக்கிறது. அந்தச் சட்டம் 2010-ஆம் ஆண்டினது. பொன்முடிச் சரிவை ஒட்டிய பேப்பாறை 1983 முதல் வனவிலங்குச் சரணாலயம். அதன் அணைத் தண்ணீரைத்தான் திருவனந்தபுரம் நகரம் குடிக்கிறது. சரணாலய நீரில் அனுமதியின்றித் தூண்டில் போட்டால் கம்பு எந்த நாட்டது என்று வனத்துறை கேட்காது.

ஆகவே கல்லாற்றில் வண்டியை நிறுத்துபவரிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியை டிக்கியிலேயே விட்டுவிட்டு டீ குடியுங்கள். பாறை வழுக்கும், மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மலை இறங்கிய பிறகு, அனுமதி உள்ள குளமொன்றில், ஒரே ஒரு தவளையைக் கட்டுங்கள். கறுப்போ வெள்ளையோ, கையில் இருப்பது. வீசுவதற்கு முன் நீரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். செம்மஞ்சள் பந்து எங்காவது கொதித்துக்கொண்டிருந்தால், ரீலைச் சுற்றி வைத்துவிட்டு வேறு கரைக்குப் போங்கள்.