வார்டு கம்ப்யூட்டரும் கருப்புத் திரையும்

1/ நைட் டியூட்டி. நெஞ்சுல டியூப் போடுறது எப்படின்னு ஒருமுறை பார்த்துக்கலாம்னு ஹவுஸ் சர்ஜன் தங்கச்சி, காசு கட்டி வாங்கின கோர்ஸ் வீடியோவை வார்டு கம்ப்யூட்டர்ல திறந்தாங்க. கருப்புத் திரை. பக்கத்து டேப்ல யூடியூப் ஜம்முனு ஓடுது. "நெட் பிரச்சினையா சார்?" இல்லம்மா, பூட்டு.

2/ நெட்ஃபிளிக்ஸ் மாதிரி தளங்கள் வீடியோவைப் பூட்டித்தான் அனுப்பும். சில கோர்ஸ்களும் அப்படித்தான். திறக்கிற சாவி பிரௌசருக்குள்ள இருக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல அதன் பேர் வைட்வைன். யூடியூப்ல நாம பார்க்கிற சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

3/ ஃபயர்ஃபாக்ஸ்ல அட்மின் ஒரு பாலிசி போட்டா, பிரௌசர் அந்தச் சாவியை டவுன்லோடும் பண்ணாது, "வேணுமா?"ன்னு கேட்கவும் கேட்காது. நாம செட்டிங்ஸைக் குடைஞ்சு பிரயோஜனம் இல்ல.

4/ கட்டுப்பாடே தப்புன்னு சொல்லல. லேப் ரிசல்ட் பார்க்க வேண்டிய மெஷின்ல சினிமா ஓடினா நஷ்டம் பேஷண்டுக்குத்தான்.

5/ ஆனா இந்த சுவிட்ச்சுக்குப் படமும் பாடமும் ஒண்ணுதான். இந்தத் தளத்துக்குச் சரி, அந்தத் தளத்துக்கு வேண்டாம்னு அதுல பிரிக்க முடியாது. பொழுதுபோக்க நினைக்கிறவர் யூடியூபுக்கோ போனுக்கோ போயிடுவார். மாட்டிக்கிறது படிக்க வந்தவர். யாருக்கு என்ன நோய்னு பார்க்காம வரிசையா ஊசி போடுற மாதிரி இது.

6/ செய்ய வேண்டியது சிம்பிள். வார்டு மெஷின்ல பூட்டு இருக்கட்டும். லைப்ரரி, செமினார் ரூம் மெஷின்ல அந்த பாலிசி வேண்டாம். குறிப்பிட்ட தளம்தான் தொல்லைன்னா அதை மட்டும் தடுக்கத் தனி பாலிசி இருக்கு. எதைப் பூட்டினாலும் மானிட்டர்ல ஒரு சீட்டு ஒட்டுங்க: "இதில் இந்த வகை வீடியோ ஓடாது, லைப்ரரிக்குப் போங்க". பாதிராத்திரியில ஒருத்தர் நெட்டைத் திட்டிக்கிட்டே அரை மணி நேரம் வீணாக்க மாட்டார்.

7/ உங்க ஆபீஸ்லயும் சந்தேகமா? ஃபயர்ஃபாக்ஸ் அட்ரஸ் பார்ல அபவுட்:பாலிசீஸ்னு ஆங்கிலத்துல அடிங்க. என்னென்ன பாலிசி போட்டிருக்காங்கன்னு காட்டும். பார்க்க அட்மின் பாஸ்வேர்டு தேவையில்ல.

8/ தங்கச்சி கடைசியில போன்லதான் பார்த்தாங்க, உள்ளங்கை அளவு திரையில. டியூப் போடும்போது நான் பக்கத்துல நின்னேன். நல்லாத்தான் போட்டாங்க. எல்லா ராத்திரியும் பக்கத்துல ஒரு சீனியர் நிப்பார்னு சொல்ல முடியாதே. பூட்டுங்க, சரி. யாரை வெளியில நிறுத்திப் பூட்டுறோம்னு ஒருமுறை திரும்பிப் பாருங்க.