பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் ஒரு பஞ்சாலைத் தோழர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு லாப்டாப். 2018இல் அவருடைய மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது. அந்தப் பெண் அதில்தான் கல்லூரிப் பாடம் எழுதினாள். அதில்தான் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பொத்தானை அழுத்தினால் அது விழித்துக்கொள்ளவே கால் மணி நேரம் ஆகிறதாம். கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் சொன்ன பதில் என்ன?

"இது தேறாது. காலாவதியாகிவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும்."

முப்பதாயிரம்! ஒரு தொழிலாளி வீட்டில் அது எத்தனை மாத அரிசி, எத்தனை மாத வாடகை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "நிஜமாகவே தேறாதா, தோழர்?" என்று கேட்டார் அவர். தேறும் என்றேன். ஏன் தேறும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலாவதி ஆனது எது?

கம்ப்யூட்டர் என்பது வெறும் இயந்திரம் மட்டும் அல்ல. அதை ஏவி வேலை வாங்க உள்ளே ஒரு மேஸ்திரி உண்டு. எந்த வேலை முதலில், எந்தச் சாமான் எந்த மூலையில் என்று பார்த்துக்கொள்வது அதுதான். அதற்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் அப்படி ஒரு மேஸ்திரி.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி ஆதரவை நிறுத்தியது. அன்றைக்கு எந்த இயந்திரமும் நின்றுபோகவில்லை. நின்றது என்ன? திருடர் நுழையக்கூடிய ஓட்டைகள் புதிதாகத் தெரியவந்தால் அவற்றை அடைத்துக் கொடுக்கும் வேலை நின்றது. கேட்டு வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு தவணை தந்தார்கள்.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். கம்பெனி வகுத்த பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். 2017க்கு முன் வந்த இன்டெல் பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது. ஆனாலும் இயந்திரம் குப்பை என்கிறார்கள். மண்வெட்டிக்குக் காம்பு முறிந்தால் இரும்பையும் சேர்த்து வீசி எறியும் விவசாயி உண்டா?

குப்பை எங்கே போகிறது?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்குதான். மற்றதில் பெரும்பகுதி யார் கைக்குப் போகிறது? டில்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். சுத்தியலால் உடைத்து, கம்பியை எரித்துச் செம்பு எடுத்து, அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம்மைப்போன்ற கூலிக்காரர்கள்தான். வேலை செய்யக்கூடிய ஒரு இயந்திரத்தை எறிவது நம் பணத்துக்கு மட்டும் நஷ்டமல்ல, இன்னொரு தொழிலாளியின் நுரையீரலுக்கும் நஷ்டம்.

தறி இருக்கட்டும், பாவை மாற்றுவோம்

பாவு தீர்ந்துபோனால் நெசவாளி தறியை உடைப்பதில்லை. புதுப் பாவு பிணைக்கிறார். இங்கேயும் அதுவே வழி. டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும்.

அது லினக்ஸ். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பார்த்துத் திருத்திப் பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருள் வேண்டும் என்று க்னூ என்ற முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மையப் பகுதியாக அமைந்த லினக்ஸை எழுதி வெளியிட்டார். பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். உரிமக் கட்டணம் கிடையாது.

இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். பக்கத்துக் கேரளத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்கள் அதில் நடக்கின்றன. நமது சர்க்கார் 2011இல் லாப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

செய்யும் முறை

முதலாவது, உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். சான்றிதழ், புகைப்படம், மனு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். இதில் அவசரப்பட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். துடைத்தபின் திரும்ப வராது.

இரண்டாவது, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் பழைய இயந்திரமானால் லுபுண்டு போன்ற லேசானது நல்லது.

மூன்றாவது, பென்டிரைவிலிருந்தே இயந்திரத்தைக் கிளப்பிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாமலே அது ஓடும். வைஃபை, ஒலி, விசைப்பலகை சரியா என்று சோதியுங்கள். சரியென்றால் சார்ஜரை மாட்டிவிட்டு, டிஸ்க்கை அழித்து நிறுவும்படி சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

கட்டாயம் விற்றே ஆகவேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. கோப்பை அழிப்பதும், சாதாரணமாக ஃபார்மட் செய்வதும் கதிரை அறுத்துத் தாளை விடுவது போலத்தான். கணக்குப் புத்தகத்தில் பெயர் போகும், சரக்கு கிடங்கிலேயே கிடக்கும். தெரிந்தவன் உங்கள் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கிளறி எடுத்துவிடுவான். வயலை உழுதுவிட வேண்டும்: சுழலும் டிஸ்க்காக இருந்தால் முழுவதையும் ஒருமுறை வேறு எழுத்தால் நிரப்புங்கள். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அதற்கே உரிய அழிப்புக் கட்டளையைக் கொடுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும்

எல்லாம் சர்க்கரை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸுக்கென்றே எழுதிய சில கணக்கு மென்பொருள்கள் இதில் நேராக ஓடா. சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். முதல் வாரம் கை தடுமாறும். ஆனால் கடிதம் எழுத, கணக்குப் போட, இணையத்தில் மனுச் செய்ய, தமிழில் அடிக்க ஒரு குறையும் இல்லை.

அந்தத் தோழரின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார்ந்து தானே இதைச் செய்தாள். நான் பக்கத்தில் இருந்ததோடு சரி. இரண்டு நிமிஷத்துக்குள் லாப்டாப் விழித்துக்கொண்டது. முப்பதாயிரம் மிஞ்சியது. அதைவிடப் பெரிது, மறுவாரம் அவள் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இதையே எல்லா ஊரிலும் செய்யலாம். சங்க அலுவலகத்திலோ படிப்பகத்திலோ மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். தெரிந்த இளைஞர் இருவர், பென்டிரைவ் இரண்டு போதும். பரணில் தூசி படிந்து கிடக்கும் லாப்டாப்புகளை இறக்குங்கள். நம் பிள்ளைகளின் இயந்திரம் தேறுமா தேறாதா என்பதைக் கம்பெனியின் நாள்காட்டி தீர்மானிக்க வேண்டாம். சோதித்துப் பார்த்து நாம் தீர்மானிப்போம்!