போட்டியும் பொது அளவுகோலும்

சந்தையில் இரு வணிகர் ஒருவரோடொருவர் போட்டியிடுவது வாங்குவோர்க்கு நன்மை பயப்பதேயாகும். விலை குறையும், சரக்கின் தரம் உயரும். ஆனால், ஒவ்வொரு வணிகரும் தமக்கென்று ஒரு படியும் ஓர் எடைக்கல்லும் செய்து வைத்துக்கொண்டால், எவர் கடையில் மலிவு என்பதையே அறிய இயலாது போகும். போட்டியினால் விளைய வேண்டிய நன்மையும் மறைந்துவிடும். இந்திய நாட்டில் ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய இவ்வாறே இருந்தது. சேர் என்றும் மணங்கு என்றும் ஒரே பெயர் வழங்கிவந்த போதிலும், அவற்றின் நிறை இடத்துக்கிடம் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எடை, அளவைத் தரச் சட்டமும், 1957 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த தசம நாணய முறையும் அக்குழப்பம் தீர வழி செய்தன. வணிகர்களின் போட்டி அதனால் ஒழிந்துவிடவில்லை. அளவுகோல் மட்டுமே அனைவர்க்கும் பொதுவாயிற்று.

அன்று படியிலும் தராசிலும் எழுந்த அதே கேள்வி இன்று கைபேசியிலும் கணினியிலும் எழுந்துள்ளது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனங்கள் ஒன்றையொன்று முந்த முயல்வது செய்தித்தாள்களில் ஒரு மற்போர்க் காட்சியைப் போல் வருணிக்கப்படுகிறது. களப்பணியாளரும் ஆசிரியரும் இக்காட்சியின் வெறும் பார்வையாளர்கள் அல்லர். மண் பரிசோதனை விவரங்கள், பூச்சி தாக்கிய பயிரின் படங்கள், மாணவரின் மதிப்பெண் பட்டியல், பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பாடக் குறிப்புகள் ஆகிய யாவும் இந்நிறுவனங்களின் கருவிகளுக்குள்ளேயே இருக்கின்றன. எனவே, இப்போட்டி எவ்விதிகளுக்கு உட்பட்டு நடைபெறுகிறது என்பது அவர்களுடைய அன்றாட அலுவலைத் தொடும் விஷயமாகும்.

போட்டி தந்த நன்மை

முதலில் நன்மையைக் கூறுவதே முறை. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு என்னும் சிறு நிறுவனத்தை 2005இல் வாங்கியிருந்த கூகுள், அதே 2007 நவம்பரில் பல உற்பத்தியாளர்களைக் கூட்டிச் சேர்த்து, எவரும் எடுத்தாளத்தக்க ஓர் இயங்குதளத்தை அறிவித்தது. அதனைக் கொண்ட முதற் கைபேசி 2008இல் வெளிவந்தது. ஒரு நிறுவனம் உயர்ந்த விலைக்கு விற்ற வசதிகளைப் பல நிறுவனங்கள் குறைந்த விலைக்குத் தர முன்வந்தன. வானிலை முன்னறிவிப்பையும் சந்தை விலையையும் வயல் வரப்பில் நின்றபடியே காணும் வாய்ப்பு சாதாரண உழவருக்கும் கிட்டியதற்கு இப்போட்டி ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் போட்டியில் வென்றவர் உண்டெனில் தோற்றவரும் உண்டு. ஒரு காலத்தில் உலகக் கைபேசிச் சந்தையில் முதலிடம் வகித்த பின்லாந்து நாட்டு நோக்கியா, தன் கைபேசித் தொழிலை 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்றது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் இயங்கிவந்த நோக்கியா ஆலை, வரி வழக்கின் காரணமாக அவ்விற்பனையில் சேராமல் நின்றது. மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த உற்பத்தி வேலையும் நின்றுவிடவே, 2014 நவம்பர் முதல் நாளன்று ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வாங்கிய மைக்ரோசாஃப்ட்டும் கைபேசித் துறையில் நிலைக்கவில்லை. இறுதியில் பெரும்பாலும் எஞ்சியவை ஆப்பிளின் இயங்குதளமும் கூகுளின் ஆண்ட்ராய்டும் ஆகிய இரண்டே. இந்தியாவில் பத்துத் திறன்பேசிகளில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்டைக் கொண்டவை.

வேலி இடப்படும் இடங்கள்

பலர் போட்டியிடும்போது சிறந்த பொருளைச் செய்தே வாடிக்கையாளரைக் கவர வேண்டியிருக்கிறது. இருவர் மட்டுமே எஞ்சும்போதோ, வந்தவர் வெளியேறாதபடி வேலி இடுவது எளிய வழியாகத் தோன்றுகிறது. இவ்வேலி பெரும்பாலும் கருவியின் உட்பகுதியில் இடப்படுவதில்லை. ஒரு கருவி மற்றொன்றுடன் இணையும் இடத்திலேயே இடப்படுகிறது.

சார்ஜர் இதற்கு எளிய சான்று. 2012 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசிகள் அந்நிறுவனத்துக்கே உரிய முனையைக் கொண்டிருந்தன. ஒருவர் வீட்டிலுள்ள கம்பி மற்றவர் கருவிக்குப் பொருந்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைபேசிகள் யாவும் டைப்-சி என்னும் பொது முனையைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. ஆப்பிள் 2023 செப்டம்பரிலேயே அம்முனைக்கு மாறிவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது.

செய்திப் பரிமாற்றத்திலும் இதுவே நடந்தது. ஆப்பிள் 2011இல் தன் கருவிகளுக்கிடையே மட்டும் செல்லும் செய்திச் சேவை ஒன்றைத் தொடங்கியது. பிற கைபேசிகளுக்குச் செல்லும் செய்திகள் பழைய குறுஞ்செய்தி முறையிலேயே சென்றன, படங்கள் தெளிவிழந்தன. எல்லாக் கைபேசிகளுக்கும் பொதுவான புதிய செய்தித் தரம் பல ஆண்டுகளாகவே இருந்தும், ஆப்பிள் அதை ஏற்றது 2024 செப்டம்பரில்தான். இத்தனை ஆண்டுகள் குறுக்கே நின்றது வணிகக் கணக்கேயன்றி விஞ்ஞானத்தின் குறைபாடு அன்று.

மறுபக்கத்திலுள்ள கூகுளும் வேலியிடாத நிறுவனம் அன்று. ஆண்ட்ராய்டை எவரும் விலையின்றி எடுத்தாளலாம். எனினும், செயலிகள் கிடைக்கும் பிளே ஸ்டோரைத் தம் கைபேசியில் வைக்க விரும்பும் உற்பத்தியாளர்கள், கூகுளின் பிற செயலிகளையும் ஒருங்கே சேர்த்து நிறுவ வேண்டும் என்பது ஒப்பந்தமாக இருந்தது. இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று முடிவு செய்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 20 அன்று ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. ஐந்து நாட்களுக்குப் பின், பிளே ஸ்டோரில் பணம் செலுத்தும் முறை தொடர்பாக மேலும் ரூ. 936.44 கோடி விதிக்கப்பட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் முதல் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையம் இட்ட கட்டளைகளுள் நான்கினை நீக்கியது. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் ரூ. 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. இத்தீர்ப்புகள் இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. திறந்தது என்று பெயர் பெற்ற அமைப்பிலும் வேலி இருக்கக்கூடும். அதனை ஆராய்ந்து தடுக்கும் அதிகாரம் அரசமைப்புகளுக்கு உண்டு.

நிறுவனங்களின் வாதம்

நிறுவனங்கள் கூறும் மறுப்பையும் நேர்மையுடன் ஆராய வேண்டும். கருவி, மென்பொருள், சேவை ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தால்தான் பாதுகாப்பு உறுதிப்படும் என்பது அவர்கள் வாதம். பொதுத் தரம் சட்டமாக்கப்பட்டால் புத்தாக்கம் உறைந்துவிடும் என்றும் கூறுகின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2009இல் ஐரோப்பாவில் உற்பத்தியாளர்கள் தாமே உடன்பட்டு ஏற்ற பொது முனை மைக்ரோ-யுஎஸ்பி என்பதாகும். அன்றே அதை மாற்ற இயலாத சட்டமாக்கியிருந்தால், இருபுறமும் செருகத்தக்க இன்றைய டைப்-சி வழக்கிற்கு வருவது கடினமாகியிருக்கும்.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் தரமே கூடாது என்பதன்று. பொதுத் தரம் கருவிகள் இணையும் இடத்தை மட்டும் ஆள வேண்டும். காலத்திற்கேற்பத் திருத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும். அவ்விணைப்பிடத்துக்கு அப்பால், தன் கருவியின் உள்ளே ஒவ்வொரு நிறுவனமும் தன் திறமையைத் தடையின்றிக் காட்டலாம்.

இவ்வாறு அமைத்தல் இயலும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில், பல வங்கிகளும் பல செயலிகளும் தமக்குள் போட்டியிடுகின்றன. எனினும், ஒரு செயலியை வைத்திருப்பவர் வேறொரு செயலியை வைத்திருக்கும் காய்கறிக் கடைக்காரருக்குத் தடையின்றிப் பணம் செலுத்துகிறார். எவரிடம் எந்நிறுவனச் செயலி உள்ளது என்று கேட்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. இம்முறையும் குறையற்றதன்று. 2024ஆம் ஆண்டில் பரிவர்த்தனைகளுள் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இரண்டே செயலிகளின் வழி நடைபெற்றன. ஒரு நிறுவனத்தின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று 2020இல் அறிவிக்கப்பட்ட வரம்பின் அமலாக்கம் இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. ஆயினும், செயலியை மாற்ற விரும்புவோர் தம் பணத்தையோ வங்கிக் கணக்கையோ இழக்காமல் மாறிக்கொள்ள முடிகிறது. வெளியேறும் வாயில் திறந்திருப்பதே முதன்மையான பாதுகாப்பாகும்.

எழுத்தும் ஏடும்

இந்திய மொழிகளில் கணினியைக் கையாண்டோர் இப்பாடத்தைச் சிரமப்பட்டே கற்றனர். 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கிய ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளுக்குத் தனக்கே உரிய குறியெண்களை வழங்கியது. ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த கடிதம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. பிற இந்திய மொழிகளிலும் இதே துன்பம் இருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு தரம், தமிழ் உட்பட இந்திய எழுத்து முறைகள் பலவற்றுக்கும் பொதுவான குறியெண்களைத் தந்தது. அது படிப்படியாகப் பரவிய பின்னரே ஒருவர் எழுதியதை மற்றவர் எக்கருவியிலும் படிக்கும் நிலை உண்டாயிற்று. அதற்கு முன்பு தட்டச்சு செய்து, மாற்றப்படாமல் விடப்பட்ட கோப்புகள் இன்று எவருக்கும் எளிதில் பயன்படுவதில்லை. உழைத்தவர் ஒருவர், அவ்வுழைப்பைத் திறக்கும் சாவியை வைத்திருந்தவர் மற்றொருவர்.

கருவியின் ஆயுளையும் இக்கண்கொண்டே நோக்க வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற, குறுகிய கால நீட்டிப்புக்குத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்கு இயங்கும் ஒரு பள்ளிக் கணினி, அதன் உறுப்பு ஒன்றும் பழுதடையாமலேயே பழையதென்று ஒதுக்கப்படும் நிலை இதனால் ஏற்படுகிறது. உள்ளமைப்பு வெளிப்படையாக இருந்து, யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் இதற்கு ஒரு மாற்று வழியாகும். கேரள மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக அத்தகைய மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி நடைபெற்று வருகிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் உள்ளது.

செய்யத்தக்கவை

மின்னாளுமையில் திறந்த தரங்களைக் கையாளுவதற்கான கொள்கையை மத்திய அரசு 2010இலேயே அறிவித்தது. கொள்கை ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அலுவலகத்தின் ஒவ்வொரு கொள்முதலிலும் அது நடைமுறைக்கு வருதல் வேண்டும். கணினியோ மென்பொருளோ வாங்குவதற்கான குறிப்பை எழுதும் அலுவலர், நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடுவதை விடுத்து, தேவையான தரத்தைக் குறிப்பிடுதல் நலம்.

களப்பணியாளர் ஒரு புதிய செயலியை ஏற்கும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுப்பினால் போதும்: உள்ளே இட்ட விவரங்கள் அனைத்தையும், வேறு மென்பொருள் படிக்கத்தக்க வடிவில் வெளியே எடுக்க முடியுமா? முடியாதெனில், அச்செயலி எவ்வளவு அழகாக இருப்பினும் அதில் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்படைத்தல் தகாது. பட்டியல்களைச் சிஎஸ்வி போன்ற எளிய வடிவிலும், எழுதிய ஆவணங்களை 2006இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தல் அதிகச் சிரமம் தருவதன்று. தமிழில் எழுதுவன யாவும் யூனிகோடிலேயே இருத்தல் வேண்டும்.

ஆசிரியரின் பொறுப்பு இதனினும் பெரிது. ஒரு நிறுவனத்தின் பொத்தான்கள் எங்கெங்கே உள்ளன என்று மனப்பாடம் செய்த மாணவர், அடுத்த பதிப்பு வந்ததும் திகைப்பார். அட்டவணையில் கணக்கிடுவது எவ்வாறு, கோப்பு என்பது யாது, தரம் என்பது எதற்காக என்று கற்ற மாணவரோ எக்கருவியையும் சில நாட்களில் கையாளப் பழகுவார். ஒரே பாடத்தை இரு வேறு மென்பொருள்களில் செய்யச் சொல்லி, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்து பார்க்கச் செய்வது வகுப்பறையில் எளிதில் நடத்தத்தக்க நல்ல பரிசோதனையாகும்.

பெருநிறுவனங்கள் போட்டியிடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. அவற்றுள் எது வெல்லும் என்று பந்தயம் கட்டுவதும் அரசாங்க ஊழியரின் வேலையன்று. இன்று முன்னணியில் நிற்கும் நிறுவனமும் நோக்கியாவைப் போல் ஒரு நாள் களத்தைவிட்டு அகலக்கூடும். அந்நாளில், ஒரு வட்டாரத்தின் மண் வள விவரங்களும் ஒரு பள்ளியின் பாடக் குறிப்புகளும் அதனுடன் சேர்ந்து மறையாமல் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டை, கருவிகள் இயங்கிக்கொண்டிருக்கும் இப்போதே செய்துவைத்தல் அறிவுடைமையாகும்.