தாலி உண்டு, குடியுரிமை இல்லை!

கோவை பூலுவப்பட்டியிலும், ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-ல் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின், உயிர் தப்பி வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் குடியேறினார்கள். அவர்களில் சிலர் இந்த ஊர்க்காரர்களை மணந்தார்கள்.

இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால், உடனே அல்ல. 7 ஆண்டுகள் இந்தியாவில் வசிக்க வேண்டும். பிறகு மனு செய்ய வேண்டும். மனு கலெக்டரிடம் இருந்து மாநில அரசுக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகும். அலைச்சலும் உண்டு, செலவும் உண்டு.

அகதிப் பெண்ணுக்கோ அந்த வழியும் அடைபட்டு இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் "சட்ட விரோதக் குடியேறி"யாம்! அவர் மனுவை ஏற்க சட்டத்தில் இடம் இல்லை. உயிருக்குப் பயந்து படகு ஏறியவர் விசாவுக்கு எங்கே போவார்?

பிள்ளைகளையும் இது விடவில்லை. 2004 டிசம்பர் 3-ந் தேதி முதல் பிறந்த குழந்தையின் தந்தை இந்தியராக இருக்கலாம். தாய் "சட்ட விரோதக் குடியேறி" என்றால், குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த ஆறு மதத்தினருக்கு வழி பிறந்தது. இலங்கை அதில் சேரவில்லை.

காத்திருக்கச் சொல்லட்டும், நன்றாக விசாரிக்கட்டும். அது நியாயம். மனுவே செய்யாதே என்பது நியாயம் அல்ல. இந்தியரை மணந்த அகதிக்குச் சட்டத்தில் விலக்கு வேண்டும்.

வாழ வந்த மருமகள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்நியர்தானா?